கிரைண்டர் வாங்க கோவைக்குப் போகிறீர்களா? ஆவாரம்பாளையத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்!

உடுமலைப்பேட்டை பஸ், கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோது காலை மணி ஒன்பதே கால். பின் படிக்கட்டு வழியாக முதலில் இறங்கியது ஒரு மூட்டை. பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கிழிந்த சேலைத் துணியால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிய மூட்டை. பாவம், கை கொடுத்து இறக்கிவிட்ட கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்க்கா உள்ள வெச்சிருக்கீங்க, கல்லா?"

"கல்லேதானுங்க. கிரைண்டருங்க" என்றபடி பின்னால் இறங்கினார் அந்த அம்மா. அவருக்குப் பின்னால் மகள்.

அம்மாவுக்கு அறுபது நெருங்குகிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. தனிக்குடித்தனத்துக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம் என்று ஊருக்கு வந்திருந்தார். அதே வாரத்தில்தான் அம்மாவின் இருபது வருட டேபிள் டாப் கிரைண்டர் 'உம்ம்ம்' என்று ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது.

வெறும் வீட்டு உபயோகம் என்றால் ஒரு வாரம் கடை மாவு வாங்கிச் சமாளித்திருப்பார்கள். ஆனால் இந்த அம்மா, தெருவில் எட்டு வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். கேஸ் சிலிண்டருக்கும் மாதச் சீட்டுக்கும் பணம் அந்த மாவிலிருந்துதான் வருகிறது. கிரைண்டர் நின்று அன்றோடு நான்கு நாள். இரண்டு வீட்டார் ஏற்கெனவே பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார்கள்.

உள்ளூர் மெக்கானிக், மூடியைக்கூடத் திறக்காமல் "இது இனி ஓடாதுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார். கையில் இருந்தது பதினோராயிரம் ரூபாய். இரண்டு புது கிரைண்டரா, ஒன்று புதுசு ஒன்று ரிப்பேரா? இந்தக் கேள்வியோடுதான் மூட்டை கோவைக்கு வந்தது.

ஏன் கோவை?

கிரைண்டர் என்றாலே கோவை என்று நம் வீடுகளில் சொல்வது சும்மா இல்லை. 1955-ல் பி. சபாபதி என்பவர் இங்கேதான் மின்சார வெட் கிரைண்டரைத் தயாரிக்கத் தொடங்கினார். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டு, தஞ்சாவூர் தட்டு மாதிரி, சமையலறையில் மாவு அரைக்கிற ஒரு மெஷினுக்கும் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

அதற்குக் காரணம், தேவையான இரண்டு பொருளும் பக்கத்திலேயே இருந்ததுதான். ஒன்று கருங்கல். மற்றொன்று மோட்டார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு மெஷின் செய்யவும், கிணற்றுக்கு பம்ப் செய்யவும் பட்டறைகள் முளைத்தன. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை 1937-ல் உருவாக்கியவர்கள் இந்த ஊரின் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும். பாலசுந்தரம் நாயுடு தொடங்கிய டெக்ஸ்டூல் கம்பெனியின் பெயரில் சத்தி ரோட்டில் ஒரு பாலமே இருக்கிறது. 'டெக்ஸ்டூல் பாலம் இறங்கணும்' என்று டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை தெரிந்திருக்காது.

பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். அங்கே கல் அசையாது, குழவிதான் சுற்றும். மின்சார கிரைண்டரில் இது அப்படியே தலைகீழ். கல் பதித்த டிரம் சுற்றும். குழவி தன் இடத்திலேயே நின்று உருளும். மனிதக் கையை எடுத்துவிட்டு மோட்டாரை வைக்க, இந்த மாற்றம்தான் வழி செய்தது.

காந்திபுரத்தின் பளபளப்பு

உக்கடத்தில் இருந்து ஆட்டோ. நேராக காந்திபுரம். கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு பக்கம் வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஏ.சி. போட்ட ஒரு ஷோரூமில் மூட்டையை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். செக்யூரிட்டியிடம் "பார்த்துக்கங்க சாமி" என்று ஒப்படைத்துவிட்டு அம்மா உள்ளே நுழைந்தார்.

சிவப்பு, நீலம், ரோஜா நிறம் என்று வரிசையாக கிரைண்டர்கள். இரண்டு லிட்டர் டேபிள் டாப் நாலாயிரத்தில் ஆரம்பித்து எட்டாயிரத்தையும் தாண்டிப் போகிறது. மகளின் கண் முதலில் போனது கிரைண்டர் மேல் இல்லை. பக்கத்து அலமாரியில் இருந்த ஸ்டாண்ட் மிக்சர் மேல்.

"அம்மா, இதுல கேக் மாவும் அடிக்கலாம், சப்பாத்தி மாவும் பிசையலாம்."

"உளுந்து அரைக்குமா கண்ணு?"

அரைக்காது. ஸ்டாண்ட் மிக்சரில் பாத்திரம் நிற்கும், துடுப்பு சுற்றி வரும். பார்க்கப் போனால் நம்ம ஆட்டுக்கல் கணக்குதான்! ஆனால் அது அடிக்கும், கலக்கும், பிசையும். ஊறிய பருப்பை நசுக்கி அரைக்க அதில் கல் இல்லை. வாரத்தில் மூன்று நாள் பேக்கிங் செய்கிற வீட்டுக்கு அது சரி. வாரத்தில் மூன்று நாள் இட்லி ஊற்றுகிற வீட்டுக்கு? மகள் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிரைண்டர் பக்கம் வந்துவிட்டார்.

விற்பனையாளர் தம்பி உற்சாகமாக ஆரம்பித்தார். "இந்த மாடலுக்கு அஞ்சு வருஷம் வாரண்டிங்க்கா."

"எதுக்கு வாரண்டி?" என்றார் அம்மா.

தம்பி கொஞ்சம் தடுமாறினார். மோட்டாருக்கு மட்டும்தான் ஐந்து வருடம். பெல்ட், கல், புஷ் எதற்கும் கிடையாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் மோட்டாருக்கும் கிடையாது. அம்மா வெள்ளந்தியாக, "நான் எட்டு வீட்டுக்கு அரைச்சுக் குடுக்கறனுங்களே?" என்றார். தம்பி குரலைத் தாழ்த்தி, "அதை சர்வீஸ்காரங்ககிட்ட சொல்லாதீங்க்கா" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால், பொய் சொன்னால்தான் கிடைக்கும் என்கிற வாரண்டியை நம்பி நாலாயிரம், ஆறாயிரம் போடுவதா? வாரண்டி அட்டையை கடையிலேயே வாங்கிப் படித்துவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்து படிப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

மகள் ஒரு காரியம் செய்தார். டிரம்மில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம் என எங்கோ படித்திருக்கிறார். ஹேண்ட்பேக்கின் காந்தப் பட்டனை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "அப்ப 304 கிரேடு ஸ்டீல்தான்!" என்று சந்தோஷப்பட்டார். இது பாதி உண்மைதான். காந்தம் நன்றாக ஒட்டினால் அது 304 இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் 304-தான் என்று சொல்லிவிட முடியாது. விலை குறைந்த 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டுவதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா என்பதையும் அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்தானே?

எதையும் வாங்காமல் இருவரும் வெளியே வந்தார்கள். பக்கத்து மெஸ்ஸில் ஆளுக்கு இரண்டு இட்லி. "உளுந்து பத்தல" என்று அம்மா தீர்ப்பு சொன்னார்.

தகர ஷெட்டுக்குள் ஒரு வைத்தியம்

காந்திபுரத்தில் இருந்து ஆவாரம்பாளையம் ரொம்ப தூரம் இல்லை. ஆனால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவுகள் மறைந்து தகர ஷெட்டுகள் வரும். லேத் மெஷின் சத்தம், கட்டிங் ஆயில் வாசம், வாசலில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். இங்கேயும் கணபதி பக்கமும் தெருத்தெருவாக மோட்டார், பம்ப், கிரைண்டர் பட்டறைகள். ஒரு ஷெட்டில் மோட்டார் பாடி மட்டும், அடுத்ததில் காயில் சுற்றுவது மட்டும், இன்னொன்றில் கல்லைக் கடைந்து உருளையாக்குவது மட்டும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கல் கடைகிற இடத்தில் வேலை செய்பவர்களின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துணி கட்டியவர்களும் உண்டு, கட்டாதவர்களும் உண்டு.

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வழங்கும் திட்டத்தை அறிவித்தபோது கோவை கிரைண்டர் தொழிலுக்குப் பெரிய ஆர்டர்கள் வந்தன. கரன்ட் கட்டில் தொழில்கள் தவித்த காலமும் அதையொட்டித்தான். இன்றும் 'கவர்மென்ட் கிரைண்டர்' ரிப்பேருக்கு வருகிறது என்கிறார்கள் இந்தத் தெருக்காரர்கள்.

ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்ட பட்டறையில், எழுபதைத் தொடும் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூட்டையை அவிழ்த்ததும் முதலில் கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்குதுங்க அம்மிணி. நல்ல மோட்டாரு" என்றார்.

சுவிட்சைப் போட்டார். 'உம்ம்ம்.' டிரம் அசையவில்லை. பெரியவர் கையால் டிரம்மை லேசாக ஒரு தள்ளு தள்ளினார். சட்டென்று வேகம் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது!

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்ணா, இது செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே?"

"சாவல. கெப்பாசிட்டர் போயிருக்குது. அவ்ளோதான்."

விஷயம் இதுதான். வீட்டு கிரைண்டரில் இருக்கும் சிங்கிள் பேஸ் மோட்டாரால் தானாகத் தொடங்க முடியாது. தொடக்கி விடும் முதல் தள்ளலைக் கொடுப்பது கெப்பாசிட்டர். அது பழுதானால் மோட்டார் முனகும், சுற்றாது. முனகலைக் கேட்டதும் செய்ய வேண்டியது உடனே சுவிட்சை அணைப்பது. 'கொஞ்ச நேரத்தில் சுற்றும்' என்று காத்திருந்தால் காயில் சூடாகி எரிந்துவிடும். சில்லறைச் செலவு பெரிய செலவாகிவிடும். பெரியவர் மாதிரி கையால் தள்ளிப் பார்ப்பதும், கெப்பாசிட்டரைத் தொடுவதும் வீட்டில் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும்.

கிரைண்டரைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினார் பெரியவர். பெல்ட் தளர்ந்து, ஓரம் பிய்ந்திருந்தது. "மாவு கெட்டியானா சுத்து கம்மியாகுமே?" ஆமாம் என்றார் அம்மா. "ரப்பர் கருகற வாசம் வருமே?" அதற்கும் ஆமாம். பெல்ட் வழுக்குவதைப் பலர் கிரைண்டரின் குறையாக நினைக்கிறார்கள். உண்மையில், கல் இறுகிக்கொண்டால் மோட்டார் எரியாமல் காப்பாற்றுவது அந்த வழுக்கல்தான். சில ஸ்டாண்ட் மிக்சர்களில்கூட உள்ளே ஒரு பல்சக்கரத்தை வேண்டுமென்றே மென்மையாகச் செய்து வைப்பார்கள். சுமை மீறினால் அது உடையும், மோட்டார் பிழைக்கும்.

பிறகு குழவிக் கற்களைக் கையில் எடுத்தார். நடுவில் இருக்கும் புஷ்ஷில் விரலை விட்டுச் சுழற்றினார். "மாவுல கறுப்பா ஏதாச்சும் வடியுதா?"

அம்மா பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார். "ரெண்டு மூணு மாசமா வருதுங்க. அம்மா வழிச்சு எடுத்துப் போட்டுருவாங்க."

"புஷ் தேஞ்சு போச்சு. அத வெச்சு அரைக்கக் கூடாது அம்மிணி. ஊருக்கே மாவு குடுக்கறீங்க."

அன்றைக்கு அந்த அம்மாவின் முகம் வாடியது அப்போது ஒருமுறைதான். எட்டு வீட்டுக் குழந்தைகளும் கண் முன் வந்துபோயிருக்க வேண்டும். "தெரியலைங்ணா. கல்லுன்னா அப்படித்தான் வரும்னு நெனச்சேன்" என்றார், மெதுவாக.

கல்லில் இருந்து கறுப்பு வராது. புதுக் கல் என்றால் முதல் இரண்டு முறை ஊறவைத்த அரிசியை ஒரு கைப்பிடி போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும். கல் தூசு போய்விடும். அதன் பிறகும் கறுப்பு தெரிந்தால் அது புஷ் அல்லது ஷாஃப்ட் சமாச்சாரம். உடனே மாற்றிவிட வேண்டும்.

கெப்பாசிட்டர், பெல்ட், இரண்டு புஷ், கூலி. மொத்தம் 950 ரூபாய். ஒன்றரை மணி நேர வேலை.

எது வாங்குவது?

வேலை நடக்கும்போதே மகள், ஷோரூமில் போட்டோ எடுத்த மூன்று மாடல்களை போனில் காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நிறத்தைப் பற்றியோ வாட்ஸ் பற்றியோ அவர் பேசவே இல்லை.

"இதுக்கு எல்லாக் கடையிலயும் பெல்ட் கிடைக்கும். இதுக்குக் கம்பெனிலதான் வாங்கோணும், ஆனா கிடைச்சிரும். இது பாக்க லட்சணமா இருக்குது. ஆனா அடி மூடியை ஒட்டி வெச்சிருப்பாங்க, ஒடைச்சுத்தான் தெறக்கோணும். ரிப்பேர் பண்ண முடியாதது எத்தனை நாளைக்கு வரும், நீயே சொல்லு கண்ணு?"

நீங்கள் கிரைண்டர் வாங்கப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கிரைண்டரைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பகுதி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா? அதன் பெல்ட்டும் புஷ்ஷும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் கிடைக்குமா? கோவையில் கிடைப்பது பெங்களூரிலோ தூத்துக்குடியிலோ கிடைக்க வேண்டுமே! தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசையும் பிளேடு எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். நிஜமாகவே பயன்படுத்துவீர்களா என்று யோசித்துவிட்டு அதற்குப் பணம் கொடுங்கள். துருவியைப் பெட்டியோடு பரணில் போட்ட வீடுகள்தான் அதிகம்.

இரண்டு குழவியா மூன்றா என்று மகள் கேட்டதற்குப் பெரியவர் சிரித்தார். "கல்லு ஒழுங்காக் கடைஞ்சிருந்தா ரெண்டே போதும்." டிரம்மின் நடுத்தண்டு வழியாகத் தண்ணீர் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார். அரைத்து முடித்ததும் டிரம்மை வெளியே எடுத்துக் கழுவாமல், மெஷின் மேலேயே தண்ணீரை ஊற்றிக் கழுவினால் பேரிங்குக்குள் ஈரம் போகும். "பாதி கிரைண்டர் அப்படித்தான் எங்கிட்ட வருது. அரைச்சுக் கெட்டதில்ல, கழுவிக் கெட்டது."

"அப்ப மிக்ஸியிலயே அரைச்சா என்னங்க?" மகளின் கடைசி முயற்சி.

இதற்கு அம்மாவே பதில் சொன்னார். மிக்ஸியில் உளுந்து சூடாகிவிடும், பொங்கி வராது, இட்லி கல்லு மாதிரி இருக்கும். அறிவியல் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது. கிரைண்டர் டிரம் மெதுவாகச் சுற்றி நசுக்குகிறது. மாவும் அவ்வளவாகச் சூடாவதில்லை, காற்றும் சேர்கிறது.

மதியம் மீண்டும் காந்திபுரம். பெரியவர் 'எல்லாக் கடையிலும் பெல்ட் கிடைக்கும்' என்று சொன்ன மாடலையே வாங்கினார்கள். 5,600 ரூபாய். செம்பு வைண்டிங், 304 டிரம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டார் மகள். அதே விற்பனையாளர் தம்பிதான். கவிழ்த்துக் காட்டச் சொன்னபோது ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் காட்டினார்.

நேரம் இருந்தால் அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். குழந்தைகளோடு வருபவர்கள் தவறவிட வேண்டாம். இவர்களுக்கு நேரம் இல்லை. சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக முடியும்.

உக்கடத்தில் இப்போது இரண்டு மூட்டை. யாருக்கு எது என்பதில் சின்னதாக ஒரு சண்டையும் நடந்தது. "புதுச நீ வெச்சுக்கம்மா, நீதான் தினமும் அரைக்கிற. பழசு எனக்குப் போதும்" என்றார் மகள். "அந்தப் பெரியவர் என்ன சொன்னார்? நல்ல மோட்டாருன்னாரு. அத உங்கிட்டக் குடுத்துட்டு நான் என்ன பண்றது?" என்று அம்மா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் சிரித்துவிட்டார்.

பஸ் கிளம்பியதும் அம்மா போனை எடுத்தார். வீட்டில் இருக்கும் கணவருக்கு.

"ஏனுங்க, சரியாயிருச்சுங்க. இட்லி அரிசி பெரிய படியில நாலு எடுத்து இப்பவே ஊறப் போட்டிருங்க. நாளைக்குக் காலைல மாவு இருக்குதுன்னு பக்கத்து வீட்டுலயும் சொல்லிருங்க. பாக்கெட் மாவு வாங்க வேண்டாம்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கிறார்.

"உளுந்தா? வேண்டாம், அது நான் வந்து போட்டுக்கறேன். உங்களுக்கு அளவு தெரியாது."